கூரையில் சோலார்: லீஸா, லோனா? கையெழுத்துக்கு முன் போடவேண்டிய கணக்கு

2024 ஜனவரி. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ப் பொங்கல் விழா. சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு சோலார் ஸ்டால் போட்டிருந்தார்கள். பேர் எழுதிக் கொடுத்தால் குழந்தைக்கு ஒரு பலூன். கொடுத்தேன். இரண்டு வாரத்தில் விற்பனைப் பையன் எங்கள் சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தான். நம்ம ஊர்ப் பையன்தான். அண்ணா, அண்ணி என்றுதான் பேச்சு. “இப்போ மாசம் 160 டாலர் கரண்ட் பில் கட்டறீங்க. இனிமே 114 டாலர்தான். முன்பணம் ஒரு பைசா கிடையாது.” காபி ஆறுவதற்குள் விரலால் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மறுநாள் என் மனைவி அந்த லோன் தாள்களைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “லோனே இல்லாம மொத்தக் காசு கொடுத்து வாங்கினா எவ்வளவு?”

எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கவே இல்லை. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விதான்.

முதலில் ஒன்று. வீட்டுக்கு வந்து விற்றவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால், மூன்றாவது வேலை நாள் நள்ளிரவு வரை காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். அமெரிக்கா முழுவதற்கும் உள்ள விதி இது. ரத்துப் படிவத்தை அவர்களே தரவேண்டும். நாங்கள் இரண்டாவது நாள் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதன் பிறகு அந்த விற்பனைத் தம்பியிடமிருந்து போன் இல்லை.

படி 1: கூரையும் பில்லும்

பன்னிரண்டு மாத பில்லை எடுத்து யூனிட்டைக் கூட்டுங்கள். கூரை பதினைந்து வயதைத் தாண்டியிருந்தால் முதலில் கூரையை மாற்றுங்கள். பேனலைக் கழற்றி மறுபடி மாட்டும் கூலி ஆயிரக்கணக்கில் போகும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

படி 2: உற்பத்தியை நீங்களே பாருங்கள்

பிவிவாட்ஸ் என்ற இணையக் கருவி இருக்கிறது. அரசு ஆய்வகம் செய்தது, இலவசம். முகவரி, கிலோவாட், கூரை பார்க்கும் திசை, சாய்வு கொடுத்தால் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று சொல்லிவிடும். என் வீட்டில் 400 வாட் பேனல் இருபது, அதாவது 8 கிலோவாட். கூரை தென்மேற்குப் பக்கம். 9,400 யூனிட் என்று காட்டியது. டேப்லெட் தம்பி சொன்னது 11,000.

கம்பெனிகளின் சொந்தக் கால்குலேட்டரை நான் நம்புவதில்லை. மின்கட்டணம் வருடா வருடம் 5, 6 சதவீதம் ஏறும் என்று ஓர் ஓரத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஓர் எண்ணை 2 ஆக்கினால் அவர்கள் வரைபடத்தில் லாபம் காட்டும் பச்சைக் கோடு படுத்துவிடும். எக்செல் போதும். மாதத் தவணையைச் சொல்லும் பிஎம்டி என்ற ஒரே சூத்திரம் தெரிந்தால் லோன் கணக்கு முழுவதையும் போட்டுவிடலாம்.

படி 3: ரொக்க விலை (நான் விழுந்த இடம்)

மூன்று கம்பெனிகளிடமாவது விலை கேளுங்கள். பல கம்பெனிகளின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் எனர்ஜிசேஜ் தளத்தில் பதிந்தால் தானாக வரும், ஆனால் வேறு மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு விலை கேட்கவேண்டும்: லோனோடு எவ்வளவு, ரொக்கமாக எவ்வளவு.

நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் விலை 31,000 டாலர், வட்டி 3.99 சதவீதம், 25 வருடம். அதே இருபது பேனலுக்கு வேறொரு கம்பெனி சொன்ன ரொக்க விலை 24,000. நடுவில் உள்ள 7,000 எங்கே போனது? அதற்குப் பெயர் டீலர் ஃபீ. வெளியில் வட்டி 7, 8 சதவீதம் ஓடும்போது யாரும் நஷ்டத்துக்கு 3.99க்குக் கடன் தரமாட்டார்கள். குறைத்த வட்டியை முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுகிறார்கள். இதில் மோசமான பகுதி, இரண்டு வருடத்தில் கடனை அடைத்தாலும் அந்த 7,000 திரும்பாது. உண்மையான வட்டி என்றால் சீக்கிரம் கட்டினால் மிச்சமாகும். இது விலைக்குள் புதைந்த வட்டி.

அப்புறம் அந்த 114. மனைவி பிஎம்டி போட்டுப் பார்த்தபோது 31,000க்கு மாதத் தவணை 163 என்று வந்தது. எக்செல்லில் ஏதோ தப்பு என்று நான் வாதாடினேன். தப்பு ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில் இருந்தது: பதினெட்டு மாதத்துக்குள் விலையில் 30 சதவீதத்தை, அதாவது 9,300 டாலரை, நாம் மொத்தமாகக் கட்டவேண்டும். கட்டினால்தான் 114 தொடரும். கட்டாவிட்டால் 163க்கும் மேல் ஏறிவிடும். அந்தப் பணம் கூட்டரசு வரிச்சலுகையாக வந்துவிடும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அனுமானம். ஆனால் அது காசோலையாக இருக்கவில்லை, நாம் கட்டவேண்டிய வரியில் கழிவாகத்தான் இருந்தது. வரியே குறைவாக உள்ளவருக்கு அந்த வருடம் முழுதாக வந்திருக்காது.

கடைசியில் கிரெடிட் யூனியனில் (நம்ம ஊர்க் கூட்டுறவு வங்கி மாதிரி) 24,000 டாலர் கடன் வாங்கினோம். 7.5 சதவீதம், 15 வருடம், மாதம் 222. எண்ணைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஆனால் மறு வருடம் வரிச்சலுகையில் வந்த 7,200 டாலரை அப்படியே அசலில் கட்டினோம். இப்போதைய கணக்கில் ஒன்பது வருடத்தில் முடியும், என் கையிலிருந்து போவது 24,000க்குக் கொஞ்சம் குறைவு. முதல் ஒப்பந்தத்தில் அரசுப் பணம் 9,300 போக நான் கட்டியிருக்கவேண்டியது 34,000க்கு மேல். 114 என்ற எண் இனித்தது, அவ்வளவுதான்.

படி 4: லீஸ் தாளில் தேடவேண்டிய வரி

லீஸ் என்றால் பேனல் கம்பெனியுடையது, கூரை மட்டும் நம்முடையது. வாடகை கட்டுகிறோம். பழுது பார்ப்பது அவர்கள் பொறுப்பு. எனக்கு வந்த லீஸ் விலை மாதம் 110 டாலர். சரி, நல்ல விலைதானே? எஸ்கலேட்டர் என்ற சொல்லைத் தேடுங்கள். என் தாளில் 2.9 சதவீதம். வருடா வருடம் வாடகை அவ்வளவு ஏறும். பத்தாம் வருடம் 142, இருபத்தைந்தாம் வருடம் 218. மொத்தம் ஏறத்தாழ 47,500. மின்கட்டணம் அதைவிட மெதுவாக ஏறினால் நமக்குத்தான் நஷ்டம்.

இங்கே நான் கொஞ்சம் அடங்கவேண்டும். 2025 ஜூனில் நியூ ஜெர்சியில் மின்கட்டணம் ஒரேயடியாக 17 முதல் 20 சதவீதம் ஏறியது. லீஸ் எடுத்த நண்பர் அந்த மாதம் எனக்கு ஒரு சிரிப்பு எமோஜி அனுப்பினார். நியாயம்தான்.

இன்னொன்றும் பாருங்கள். இந்த மாநிலத்தில் 1,000 யூனிட் உற்பத்திக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும், 15 வருடத்துக்கு. நான் சேர்ந்தபோது ஒன்றுக்கு 85, 90 டாலர். எனக்கு வருடத்துக்கு எண்ணூறு டாலர் அளவுக்கு வருகிறது. லீஸ் என்றால் அது கம்பெனிக்கு. விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

படி 5: எத்தனை வருடம் இந்த வீட்டில்?

நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டமான கேள்வி. கிரீன் கார்டு வரிசை நகராது, வேலை டெக்சஸுக்கு மாறலாம், அப்பா அம்மாவுக்காக ஊருக்கே திரும்பலாம். ஐந்தாறு வருடத்துக்குள் வீட்டை விற்கும் வாய்ப்பு இருந்தால், என் கருத்து, இரண்டுமே வேண்டாம். லோன் என்றால் விற்கும்போது மிச்சத்தை அடைத்துவிட்டுப் போகலாம், கைப்பணம் கொஞ்சம் போகும். லீஸ் என்றால் வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவேண்டும், அவருடைய கிரெடிட் ஸ்கோர் கம்பெனிக்குப் பிடிக்கவேண்டும்.

ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் வீட்டை வாங்க வந்தவர், “லீஸை முடித்துக் கொடுத்தால்தான் வாங்குவேன்” என்று நின்றாராம். மீதி வாடகையை மொத்தமாகக் கட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார். இன்னொருவருக்கு வீட்டுக்கடனை மாற்றும்போது சிக்கல். யூசிசி-1 என்ற பதிவைக் கம்பெனி போட்டு வைத்திருந்தது. பேனல் மேல் எங்களுக்கு உரிமை உண்டு என்று ஊரறியச் சொல்லும் பதிவு. லீஸ், லோன் இரண்டிலும் இது இருக்கலாம். மறுகடன் வாங்கும்போது அதைத் தற்காலிகமாக எடுக்கச் சொல்லலாம், ஆனால் சில வாரம் ஆகும். முன்னாலேயே எழுதுங்கள்.

புதுத் தகவல்: 2026இல் இந்தக் கணக்கு மாறிவிட்டது

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால், சொந்தமாக வாங்குபவருக்கான 30 சதவீத வரிச்சலுகை 2025 டிசம்பர் 31 உடன் முடிந்தது. “டிசம்பரில் பணம் கட்டிவிட்டேன், ஜனவரியில் பொருத்தினார்கள், கிடைக்குமா?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கிடைக்காது. வேலை முடிந்த நாள்தான் கணக்கு என்று வரித்துறை தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் லீஸ் கம்பெனிக்கான சலுகை வேறு பிரிவில் இருக்கிறது. அது உடனே நிற்கவில்லை. 2026 ஜூலை 4க்குள் வேலை தொடங்கியிருக்கவேண்டும், இல்லையென்றால் 2027 முடிவதற்குள் ஓடத் தொடங்கவேண்டும். அதனால் “லீஸே வேண்டாம்” என்று 2024இல் இங்கே எழுதியிருந்த வரியை நீக்கிவிட்டேன். சலுகை இல்லாமல் என் 24,000 டாலர் கடன் 15 வருடத்தில் 40,000 ஆகும். அதன் பக்கத்தில் வைத்தால், எஸ்கலேட்டர் இல்லாத லீஸ் ஒன்று கிடைத்தால் நானே யோசிப்பேன். கம்பெனிக்கு வரும் 30 சதவீதத்தில் நம் வாடகையில் எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் அடுத்தவரிடம் போங்கள்.

கம்பெனி நிலைக்குமா என்றும் பாருங்கள். 2024 ஆகஸ்டில் சன்பவர், 2025 ஜூனில் சன்னோவா, அதே மாதம் கடன் கொடுக்கும் மொசைக், மூன்றும் திவால் நீதிமன்றத்துக்குப் போனவை. 25 வருட உத்தரவாதத்தை எழுதிக் கொடுப்பவர் யார் என்பதைப் பார்த்து வையுங்கள்: பேனல் செய்தவரா, மாட்டியவரா?

படி 6: தவணை எப்போது தொடங்கும்?

பேனல் மாட்டிய அன்றே மின்சாரம் வராது. நகராட்சி சோதனை, பிறகு மின் நிறுவனத்தின் அனுமதி. அனுமதிக்கு முன் சுவிட்சைப் போடக்கூடாது. எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. அதற்குள் இரண்டு தவணை கட்டினோம், கரண்ட் பில்லும் கட்டினோம். அனுமதி வந்த பிறகே முதல் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கலிஃபோர்னியாவிலிருந்து கேட்டவர்களுக்கு: என் எக்செல் தாளை அப்படியே எடுக்காதீர்கள். இங்கே நாம் மின் கம்பிக்குத் திருப்பி அனுப்பும் யூனிட்டுக்கு, நாம் வாங்கும் விலையே பில்லில் கழிகிறது. உங்கள் பெரிய மின் நிறுவனங்களில் 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு அனுப்பும் யூனிட்டின் மதிப்பு மிகக் குறைவு. பேட்டரி சேர்க்காமல் அங்கே கணக்கு நிற்காது. பேட்டரிக்கும் அதே இரண்டு விலையைக் கேளுங்கள், டீலர் ஃபீ அதிலும் ஏறியிருக்கும்.