மீன் வயிற்றில் பிளாஸ்டிக் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் ஆய்வகத்துக்கு முதுகலை மாணவர்கள் மூன்று பேர் வந்தார்கள். காசிமேட்டில் விற்கிற மீன்களில் நுண்பிளாஸ்டிக் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர்களுடைய புராஜெக்ட். இரண்டாம் நாளே ஒரு மாணவி, நீல நிற பாலியஸ்டர் துப்பட்டாவோடு நுண்ணோக்கி முன்னால் குனிந்தபடி, “மேடம், நீல இழை நிறைய இருக்கு!” என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார். பத்து வருடங்களுக்கு முன் நானும் இதே மாதிரிதான் கூப்பிட்டேன். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கையுறை, லேபிள், நோட்டில் தேதி எழுதுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிளாங்க் வைக்காமல் தொடங்குவது

நாம் செய்கிற வேலை இதுதான். மீனின் குடலை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றி, ஒன்றிரண்டு நாள் மிதமான சூட்டில் வைக்கிறோம். தசை கரைந்துபோகும், பிளாஸ்டிக் நிற்கும். வடிகட்டி, வடிதாளை நுண்ணோக்கியில் பார்க்கிறோம். 5 மில்லிமீட்டருக்குச் சிறிய எந்தப் பிளாஸ்டிக் துண்டும் நுண்பிளாஸ்டிக் கணக்கில் வரும். ஆனால் பெரும்பாலும் கண்ணில் படுவது முடியைவிட மெல்லிய இழைகள்.

அதே இழைகள்தான் நாம் உட்கார்ந்திருக்கிற அறையின் காற்றிலும் மிதக்கின்றன. துணி, திரைச்சீலை, நாற்காலி உறை எல்லாவற்றிலிருந்தும் உதிர்கின்றன. வடிதாளில் கிடக்கும் இழை மீன் தின்றதா, உங்கள் தோளிலிருந்து விழுந்ததா என்று இழையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. மீன் இல்லாத ஒரு குடுவையை, அதே கரைசல், அதே அறை, அதே நேரம் என்று எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுபோனால்தான் தெரியும். அதைத்தான் பிளாங்க் என்கிறோம்.

நான் அதை வைக்கவில்லை. சங்கரா, கானாங்கெளுத்தி, மத்தி என்று ஏழு மாதம் மீன் அறுத்தேன். கிட்டத்தட்ட எல்லா மீனிலும் நீல இழை. ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் அதைச் சொன்னேன். உள்ளூர் நாளிதழ் ஒன்று சென்னை மீனில் பிளாஸ்டிக் என்று செய்தி போட்டது. அடுத்த வாரம் மாதிரி வாங்கப் போனபோது, எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் அக்கா, “ஏம்மா, என்கிட்ட வாங்குன மீனத்தான் பேப்பர்ல போட்டியாமே? ரெண்டு நாளா கூடை அப்படியே கெடக்குது” என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் என் கைடு கேட்டார்: “பிளாங்க் எங்கே?” மூன்று வெற்றுக் குடுவைகளை வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அதே நீலம். ஆய்வகக் கதவில் தொங்கிய திரையும் நான் தினமும் போட்டுக்கொண்டு போன துப்பட்டாவும்தான் காரணம். ஏழு மாத வேலையையும் தூக்கிப் போட்டோம். என் ஆய்வேடு தாமதமானதை நான் தாங்கிக்கொண்டேன். அந்த இரண்டு நாள் வியாபாரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? நாளிதழில் திருத்தம் வந்ததா என்று கேட்காதீர்கள், வரவில்லை.

இப்போது வருகிறவர்களுக்குப் பிளாங்க் என்ற சொல் தெரிந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். தெரிந்துகொண்டே ஒப்புக்கு வைக்கிறார்கள். முதல் நாள் ஒரே ஒரு பிளாங்க் வைத்துவிட்டு மூன்று மாதத்துக்கும் அதையே காட்டுகிறார்கள். மீன் குடுவை திறந்திருக்கும்போது பிளாங்க் குடுவையை அலுமினியத் தாளால் பத்திரமாக மூடி வைக்கிறார்கள். அப்புறம் “பிளாங்க் சுத்தமாக இருந்தது” என்று எழுதுகிறார்கள். அது சுத்தமாகத்தானே இருக்கும்!

ஒவ்வொரு தொகுதி மீனுக்கும் குறைந்தது மூன்று பிளாங்க் வையுங்கள். மீன் குடுவை எத்தனை நிமிடம் திறந்திருக்கிறதோ, அத்தனை நிமிடம் அதுவும் திறந்திருக்க வேண்டும். கரைசலையும் தண்ணீரையும் முதலில் வடிகட்டிவிடுங்கள். நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஈர வடிதாள் ஒன்றைத் திறந்து வையுங்கள். பார்க்கிற நேரத்தில் காற்றிலிருந்து விழுவதை அது பிடித்துக் காட்டும். பருத்தி உடை போடுங்கள், அதுவும் ஆரஞ்சு மாதிரி தனித்துத் தெரிகிற நிறத்தில். வெள்ளைக் கோட்டின் இழை விழுந்தால் கண்ணில் படாது. பிளாங்கில் வந்த எண்ணிக்கையை முடிவோடு சேர்த்து அச்சிடுங்கள், மறைக்காதீர்கள்.

சந்தையை மறப்பது

மீன் கடலிலிருந்து நேராக உங்கள் மேசைக்கு வருவதில்லை. நைலான் வலை, பிளாஸ்டிக் கிரேட், தெர்மாகோல் பெட்டி, தார்ப்பாய், கடைசியில் ஒரு கேரி பேக் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. இழுவலையின் மடியில் நெருக்கிக்கொண்டு கிடக்கும்போது மீன் வலை நாரையே விழுங்குவதும் உண்டு. வயிறு கிழியாத மீனாகப் பார்த்து வாங்குங்கள். அறுப்பதற்கு முன் வடிகட்டிய தண்ணீரில் வெளிப்புறத்தை நன்றாகக் கழுவுங்கள். வலைத் துண்டு, கிரேட் சீவல், பை என்று சந்தையிலிருந்தே கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை; நான் சொல்கிறேன்.

நைட்ரிக் அமிலம்

தசையைக் கரைக்க இதை ஊற்றாதீர்கள். நைலானைக் கரைத்துவிடும்.

அடுப்பைக் கூட்டுவது

குடுவையைச் சூட்டில் வைக்கும்போது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டாதீர்கள், 40 இன்னும் நல்லது. அவசரப்பட்டால் பாலியஸ்டர் அரிக்கப்படும்.

மத்தியின் கொழுப்பு

கொழுப்பும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் சோப்பாகும். ஆறினால் வடிதாள் அடைத்துக்கொள்ளும், அதனால் சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள். பிளாஸ்டிக்கை ஒளிரவைத்துக் காட்டும் நைல் ரெட் சாயம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: மிச்சமிருக்கும் கொழுப்பும் பிளாஸ்டிக் போலவே ஒளிரும்.

சாதா உப்புக் கரைசலில் மிதக்கவிடுவது

குடலில் மணல் இருந்தால் அடர்த்தியை வைத்துப் பிரிக்க வேண்டியிருக்கும். தண்ணீருக்கு 1 என்றால், நிறைவுற்ற உப்புக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.2. பாலிஎத்திலினும் பாலிபுரோப்பிலினும் மிதக்கும், சரி. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் 1.38, பிவிசி சுமார் 1.4, இரண்டும் மணலோடு கீழே போய்விடும். பிறகு “பெட் இல்லவே இல்லை” என்று எழுதுவீர்கள். இன்னும் அடர்த்தியான கரைசலுக்குச் சோடியம் அயோடைடு வாங்கப் பணம் இல்லையென்றால், இன்ன வகைகளை நாங்கள் தேடவில்லை என்றாவது எழுதுங்கள்.

கண்ணால் பார்த்தே பிளாஸ்டிக் என்று எழுதுவது

2020இல் வெளியான ஓர் ஆய்வில் உலகக் கடல்களிலிருந்து எடுத்த 900க்கும் மேற்பட்ட நீர் மாதிரிகளில் இருந்த இழைகளை ஆராய்ந்தார்கள். செயற்கை இழை 8 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தது. மீதி பருத்தி போன்ற செல்லுலோஸும் கம்பளி போன்ற விலங்கு இழையும். சாயம் போட்ட பருத்தி நூல் நுண்ணோக்கியில் அப்படியே பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். ஒளியை வைத்து இன்ன பொருள் என்று அடையாளம் காட்டும் எஃப்.டி.ஐ.ஆர். அல்லது ராமன் நிறமாலை எடுக்காத எதையும் “சந்தேகத்துக்குரியது” என்றே எழுதுங்கள். சூடான ஊசியால் தொட்டு, உருகுகிறதா என்று பார்ப்பது ஒரு குறிப்புதான், சான்று இல்லை.

குடலில் கண்டதைத் தட்டில் வைப்பது

வஞ்சிரத்தின் குடலை யாரும் குழம்பு வைப்பதில்லை. குடலில் நான்கு இழை என்றால், சாப்பிடுகிறவர் வயிற்றுக்கும் நான்கு இழை போகிறது என்று எழுதுவது பெரிய தப்பு. முழுதாகக் காயவைத்துச் சாப்பிடுகிற நெத்திலி, மட்டி, குடல் நரம்பை எடுக்காத இறால் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றைத் தனியாகப் பாருங்கள். தசையையும் தனியாகப் பாருங்கள்.

எண்ணிக்கையோடு எடையும் சொல்லுங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல், 225 கிராம் மட்டிச் சதை சாப்பிட்டால் அதிகபட்சம் சுமார் 7 மைக்ரோகிராம் பிளாஸ்டிக் உள்ளே போகலாம் என்று கணக்கிட்டது. உடலுக்கு என்ன ஆபத்து என்று உறுதியாகச் சொல்லத் தரவு போதாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. நம் நாட்டிலும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024இல் லக்னோ, கொச்சி, பிலானி ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து, உணவில் நுண்பிளாஸ்டிக்கைக் கண்டறியப் பொதுவான முறைகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. முறையே இன்னும் உருவாகிற நிலையில் இருக்கும்போது, நாம் அவசரப்பட்டுத் தலைப்புச் செய்தி கொடுக்கக் கூடாது.

விற்பவரிடம் கடைசியாகச் சொல்வது

முதலில் சொல்லுங்கள். அச்சுக்குப் போகிற எதையும் நான் அந்த அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறேன். போன வாரம் அந்த மாணவியையும் கூட்டிப்போனேன். அவருடைய நீல இழைகளில் பாதிக்கு மேல் பிளாங்கிலும் இருந்தன. மீதிக்கு இன்னும் நிறமாலை எடுக்கவில்லை. அதனால் அக்காவிடம் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அடுத்த தொகுதிக்கு ஒரு கிலோ நெத்திலி மட்டும் எவர்சில்வர் தூக்கில் வாங்கிக்கொண்டு வந்தோம்.