துறை இணையதளத்துக்குத் தேடல் வசதி: இந்தத் தவறுகள் வேண்டாம்

பல்கலைக்கழகத் துறை இணையதளத்துக்குத் தனித் தேடல் வசதி வைக்கும் வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர் தலையில்தான் விழுகிறது. முன்பு எங்களைப் போன்றவர்கள் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். தேடல் பெட்டியை எங்கே வைப்பது, என்ன நிறம் என்பதை எல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லத் துறையிலேயே ஆள் இருப்பார்கள்.

கிராலரை வளாகத்துக்குள் இருந்தே ஓட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சோலரோ எலாஸ்டிக்சர்ச்சோ, ஏதோ ஒரு தேடல் மென்பொருளை நிறுவியாயிற்று. பக்கங்களைப் படித்துச் சேகரிக்கும் கிராலரைத் துறை சர்வரிலேயே ஓட்டிவிடுகிறார்கள். உள்பக்கங்கள் பலவற்றுக்குக் கடவுச்சொல்லே இருக்காது. வளாக ஐபி முகவரியில் இருந்து வந்தால் திறக்கும், வெளியில் இருந்து வந்தால் திறக்காது, அவ்வளவுதான் காவல். உள்ளே இருந்து ஓடும் கிராலரை எதுவும் தடுக்காது. அக மதிப்பெண் பட்டியல், கூட்டக் குறிப்பு, வினாத்தாள் வரைவு எல்லாம் இண்டெக்ஸில், அதாவது தேடல் பார்க்கும் பட்டியலில், ஏறிவிடும்.

"வெளியாள் லிங்க்கைச் சொடுக்கினால் திறக்காதே" என்பார்கள். திறக்கவே வேண்டாம். முடிவுக்குக் கீழே காட்டும் இரண்டு வரித் துணுக்கு போதும். ஒரு துறையில் மாணவி ஒருவர் வீட்டில் இருந்து தன் பெயரைத் தேடினார். துணுக்கில் அவருடைய மதிப்பெண்ணோடு வகுப்பில் மற்றவர்களுடையதும் வந்தது.

அதற்குத் துறை செய்த வைத்தியம் இன்னும் மோசம். கிராலர்கள் எங்கே போகக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில், மதிப்பெண் இருந்த ஃபோல்டரின் பெயரை அவசர அவசரமாக எழுதினார்கள். அந்தக் கோப்பை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஒளிக்க நினைத்த இடத்தின் முகவரியை அவர்களே எழுதிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. 1994-இல் தொடங்கிய இந்த வழக்கத்துக்கு 2022-இல் ஆர்எஃப்சி 9309 என்ற தர ஆவணம் வந்தது. இது அணுகல் அனுமதிக்கான ஏற்பாடு அல்ல என்று அந்த ஆவணமே சொல்கிறது. அப்புறம், ஏற்கெனவே இண்டெக்ஸில் ஏறியது தானாக இறங்காது; நாம்தான் தேடி அழிக்க வேண்டும்.

கிராலரை வளாகத்துக்கு வெளியே இருந்து ஓட்டுங்கள். வெளியாள் பார்ப்பதை மட்டுமே அது பார்க்கட்டும். உள் ஆவணங்களிலும் தேட வேண்டுமா? சரி, லாகினுக்குப் பின்னால் தனி இண்டெக்ஸ் வையுங்கள். யாருக்கு எந்த ஆவணத்தைப் பார்க்க அனுமதி உண்டு என்று சரிபார்த்த பிறகே துணுக்கு உருவாக வேண்டும்.

ஸ்கேன் பிடிஎஃப்

பழைய பாடத்திட்டங்கள் பலவும் வெறும் படங்கள். எழுத்தை மவுஸால் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் தேடலும் அதைப் படிக்காது. படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் போன்ற ஓசிஆர் மென்பொருளில் ஒருமுறை ஓட்டிவிட்டு, அப்புறம் ஏற்றுங்கள்.

கூகுள் இருக்கிறதே என்று விடுவது

கூகுளின் இலவசத் தளத் தேடலில் விளம்பரம் வரும். லாப நோக்கமற்ற நிறுவனம் என்றால் நீக்கிக்கொள்ள வழி உண்டு. பெரிய குறை வேறு. கூகுள் இண்டெக்ஸ் செய்ததுதான் அதில் கிடைக்கும். காலையில் போட்ட தேர்வு அறிவிப்பு மாலை வரைகூட அதில் வராமல் போகலாம்.

பழைய அறிவிப்பு மேலே வருவது

புதியது முதலில் வரும்படி தேதிக்கு எடை கொடுங்கள்.

ஆசிரியர் பெயர்

முதலெழுத்து முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளி இல்லாமல். நான்கையும் தட்டிப் பாருங்கள்; எப்படித் தட்டினாலும் அதே ஆசிரியர் வர வேண்டும்.

வெறுங்கையோடு திரும்பும் தேடல்கள்

முடிவே வராத தேடல்களைப் பதிவு செய்து வாரம் ஒருமுறை படியுங்கள். நாம் 'பாடத்திட்டம்' என்று எழுதி வைத்திருப்போம், மாணவர்கள் பாடக் குறியீட்டைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பதிவில் பயனர் பெயரையும் ஐபியையும் சேர்க்காதீர்கள். கட்டணச் சலுகையையோ மனநல ஆலோசனையையோ யார் தேடினார்கள் என்பது துறைக்குத் தேவையில்லாத செய்தி.