விஏ (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை) பாதிப்பு இழப்பீடு: முதல் முறை விண்ணப்பிக்கும் முன்னாள் படைவீரர்களுக்கு, படிப்படியாக

அமெரிக்கப் படையில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களும், அவர்களுக்காக உட்கார்ந்து படிவம் நிரப்பும் மனைவி, மகன், மகள்களும் இதைப் படிப்பதாக வைத்துக்கொள்கிறேன். பலர் நினைப்பது இதுதான்: "சர்வீஸில் இருந்தேன், முட்டி போய்விட்டது, டிஸ்சார்ஜ் காகிதம் கையில் இருக்கிறது. அப்புறம் என்ன, கொடுக்க வேண்டியதுதானே?" அப்படி அனுப்பிய விண்ணப்பம் மறுக்கப்பட்டு வந்தால் அவமானப்பட்ட மாதிரி இருக்கும். உங்கள் சேவையை யாரும் சந்தேகப்படவில்லை. முடிவு எடுப்பவர் உங்களைப் பார்த்ததே இல்லை, பார்க்கப்போவதும் இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது கோப்பு மட்டும்தான். கோப்பில் இல்லாதது அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கோப்பை நிரப்புவதற்குத்தான்.

படி 1: எங்கே கேட்கிறோம், எதைக் கேட்கிறோம்

"நான்தான் விஏ மருத்துவமனைக்கு வருஷக்கணக்காகப் போகிறேனே, அவர்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. வைத்தியம் பார்ப்பது ஒரு பிரிவு, இழப்பீட்டைத் தீர்மானிப்பது வேறு பிரிவு. டாக்டர் எழுதிய குறிப்பு ஆதாரமாகப் பயன்படும், ஆனால் நீங்கள் விண்ணப்பம் போடாதவரை யாரும் தானாக வந்து பணம் தரமாட்டார்கள்.

இங்கே கேட்பது பாதிப்பு இழப்பீடு. சேவையில் வந்த நோய்க்கோ காயத்துக்கோ மாதாமாதம் வரும் தொகை, வருமான வரி கிடையாது. முழுநேர வேலை பார்த்துக்கொண்டே வாங்கலாம். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு விஏ தரும் பென்ஷனும், சோஷியல் செக்யூரிட்டி தரும் ஊனத் தொகையும் வேறு வேறு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 2: மூன்று விஷயம் நிரூபிக்க வேண்டும்

ஒன்று, இப்போது ஒரு உடல் அல்லது மனப் பாதிப்பு இருக்கிறது. இரண்டு, சேவையில் இருந்தபோது ஏதோ நடந்தது: விழுந்தது, வெடிச்சத்தம், நச்சுப்புகை, அங்கேயே தொடங்கிய வியாதி. மூன்று, அதனால்தான் இது வந்தது.

முதல் இரண்டையும் எல்லோரும் கொண்டுவந்துவிடுகிறார்கள். கோட்டை விடுவது மூன்றாவதில். 2009இல் டிரக்கிலிருந்து குதித்து முட்டி திரும்பியதற்குக் குறிப்பு இருக்கிறது, இன்றைக்கு முட்டித் தேய்மானம் என்று எக்ஸ்ரேயும் இருக்கிறது. இடையில் பதினைந்து வருஷத்துக்கு மேல். அந்த இடைவெளியை யாராவது ஒரு டாக்டர் எழுத்தில் இணைத்தாக வேண்டும்.

"உறுதியாக இதனால்தான்" என்று அவர் எழுதத் தேவையில்லை. சேவையால் வந்திருக்க குறைந்தபட்சம் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது என்று எழுதினால் போதும். ஆதாரம் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்று சட்டமே சொல்கிறது. ஆனால் "இருக்கலாம்", "வாய்ப்பு உண்டு" என்று மொட்டையாக எழுதிய கடிதத்துக்கு மதிப்பில்லை. எந்தெந்தப் பதிவுகளைப் படித்தார், ஏன் அப்படி நினைக்கிறார் என்று காரணம் இருக்க வேண்டும். காரணத்தோடு எழுதிய ஒரு பத்தி, காரணமில்லாத மூன்று பக்கத்தைவிட மேல்.

இந்த மூன்றாவது சுமையைச் சட்டமே தூக்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு. வியட்நாமில் 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரைக்குள் இருந்தவருக்கு ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி சம்பந்தப்பட்ட பட்டியல் நோய் ஒன்று வந்தால், அது சேவையால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான பேக்ட் சட்டம் அந்தப் பட்டியலில் உயர் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் பக்கம் குப்பைக் குழிகளை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கும் பல புற்றுநோய்களையும் மூச்சுக்கோளாறுகளையும் அதே மாதிரி ஏற்கிறது. முன்பு மறுக்கப்பட்டவர்களும் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட முட்டியால் சாய்ந்து சாய்ந்து நடந்து இடுப்பு கெட்டுப்போனால், அந்த இடுப்பையும் துணைப் பாதிப்பாகக் கேட்கலாம். இதற்கும் டாக்டரின் கருத்து வேண்டும்.

படி 3: தேதியைப் பிடித்து வையுங்கள்

எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று காத்திருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். "விண்ணப்பிக்கப் போகிறேன்" என்று சொல்லும் படிவம் 21-0966ஐ முதலில் போட்டுவிடுங்கள். அன்றிலிருந்து முழு விண்ணப்பத்துக்கு ஒரு வருஷம் அவகாசம், பணத்தைக் கணக்கிடும் தேதி உங்களுக்காக நிற்கும். போனிலும் சொல்லலாம். விஏ இணையதளத்தில் இழப்பீட்டு விண்ணப்பத்தைத் தொடங்கிச் சேமித்தாலே இந்தத் தேதி பதிவாகிவிடும்.

2025 மார்ச் 10 அன்று இதைப் போட்டு, 2026 பிப்ரவரியில் முழு விண்ணப்பம் அனுப்பி, ஜூலையில் முடிவு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பு முன்பே இருந்தது என்று பதிவு காட்டினால், பணம் 2025 ஏப்ரல் 1 முதல் கணக்காகும். பதினைந்து மாதப் பாக்கியில் பதினொரு மாதம் இந்த ஒரே படிவத்தால் காப்பாற்றப்படுகிறது.

படையை விட்டு ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால், வெளியேறிய மறுநாளையே தொடக்கமாக வைப்பார்கள். இன்னும் சேவையில் இருப்பவர்கள், வெளியேறும் தேதிக்கு 180 முதல் 90 நாள் முன்பே விண்ணப்பம் போடலாம். இதைவிட நல்ல நேரம் கிடையாது: பதிவுகள் பக்கத்திலேயே இருக்கும், ஆட்களும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

படி 4: காகிதங்கள்

டிடி 214 என்ற டிஸ்சார்ஜ் காகிதம், படையில் பார்த்த வைத்தியத்தின் பதிவு, வெளி டாக்டர்களின் பதிவு. வெளி டாக்டரிடமிருந்து விஏவே வாங்கிக்கொள்ளப் படிவம் 21-4142இல் அனுமதி தரலாம், ஆனால் நீங்களே வாங்கிப் பதிவேற்றினால் வேகம் அதிகம். அசலை அனுப்பாதீர்கள்.

வயதானவர்களுக்கு ஒரு குறிப்பு. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பதிவு மையத்தில் பிடித்த தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. பெரும்பாலும் 1912 முதல் 1960 வரைக்குள் தரைப்படையிலிருந்து வெளிவந்தவர்களுடையவை, விமானப்படையினர் சிலருடையவையும் உண்டு. அப்பாவின் பதிவு கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். அந்தக் காலத்துக் கடிதங்கள், புகைப்படங்கள், கூட இருந்தவர்களின் வாக்குமூலம் எல்லாம் மாற்று ஆதாரமாகச் செல்லும்.

படி 5: உங்கள் வாக்குமூலம்

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். படிவம் 21-10210 அல்லது 21-4138இல் எழுதலாம். பலர் எழுதுவது இப்படி:

"எனக்கு முட்டி வலி மிகவும் அதிகமாக உள்ளது. தயவுசெய்து உதவவும்."

இதை வைத்து அந்த அதிகாரி ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"2009 கோடையில் டிரக்கின் பின்பக்கத்திலிருந்து குதித்தபோது வலது முட்டி திரும்பியது. முகாம் மருத்துவரிடம் போனேன், இரண்டு வாரம் ஓட வேண்டாம் என்றார். அதன்பிறகு வலி முழுதாகப் போனதே இல்லை. இப்போது கைப்பிடி இல்லாமல் படி இறங்க முடியாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் முட்டி வீங்குகிறது, அந்த நாட்களில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. கிடங்கு வேலையை விட்டு உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாறியது இதனால்தான்."

எப்போது, எப்படி, அதிலிருந்து இன்றுவரை என்ன, எத்தனை முறை, எவ்வளவு நேரம், எதைச் செய்ய முடியவில்லை. அவ்வளவுதான். கண்டதும் உணர்ந்ததும் நீங்கள் சொல்லலாம், நோயின் பெயரை டாக்டர் சொல்லட்டும். "அதன்பிறகு வலி போனதே இல்லை" என்ற அந்த ஒரு வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். இடையில் பதினைந்து வருஷம் டாக்டரிடமே போகாதவருக்கு அந்த இடைவெளியை நிரப்புவது அதுதான்.

கூடவே இன்னொருவரின் வாக்குமூலம் ஒன்று இருந்தால் நல்லது. விழுந்ததைப் பார்த்த சக வீரர், அல்லது ராத்திரி நீங்கள் தூக்கத்தில் அலறுவதைப் பார்க்கும் மனைவி. அவரவர் கண்ணால் பார்த்ததை மட்டும் அவரவர் வார்த்தையில் எழுதட்டும். நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கினால் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

படி 6: படிவமும், உதவிக்கு ஆளும்

முக்கியப் படிவம் 21-526ஈஇசட். இணையத்தில் நிரப்புவது சுலபம், ஒவ்வொரு பாதிப்பையும் தனித்தனியாக எழுதுங்கள். நோயின் பெயர் தெரியாவிட்டால் "இரண்டு காதிலும் ரீங்காரம்" என்று எழுதினாலே போதும்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் டிஏவி, அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் விஏ அங்கீகாரம் பெற்றவர்கள் இலவசமாகச் செய்து தருவார்கள். பல கவுன்ட்டி அலுவலகங்களிலும் இதற்கென்று ஆள் உண்டு. "நூறு சதவீதம் வாங்கித் தருகிறோம், முதல் சில மாதப் பணம் எங்களுக்கு" என்று கூப்பிடுபவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அங்கீகாரம் பெற்ற வக்கீலே முதல் முடிவு வருவதற்குமுன் கட்டணம் வாங்கக்கூடாது என்பதுதான் சட்டம். அங்கீகாரம் உண்டா என்று விஏ தளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம்.

படி 7: சி அண்ட் பி (இழப்பீடு, பென்ஷனுக்கான) பரிசோதனை

விண்ணப்பம் போனபின் பெரும்பாலும் ஒரு பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். பல நேரம் விஏ ஒப்பந்தம் செய்த வெளி நிறுவனம் கூப்பிடும், தெரியாத நம்பராக இருக்கும். ஸ்பாம் என்று வெட்டிவிடாதீர்கள். சரியான காரணமில்லாமல் போகாவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். முடியாத நாள் என்றால் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

அங்கே இருப்பவர் வைத்தியம் பார்க்கமாட்டார், முடிவும் எடுக்கமாட்டார். அளந்து, கேட்டு, எழுதி அனுப்புவார். நம் ஆட்கள் இங்கேதான் சொதப்புகிறார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டதும் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மரியாதைக்குச் சொன்னது, ஆனால் அறிக்கையில் அப்படியே ஏறும். படை வேறு, வலியை வெளியே காட்டாதே என்று பழக்கி வைத்திருக்கிறது.

முட்டியை மடக்கச் சொல்லி ஒரு கோணமானியை வைத்து அளப்பார். இயல்பான முட்டி 140 டிகிரி மடங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு முழுதும் மடக்கிக் காட்டாதீர்கள். வலி எந்த இடத்தில் தொடங்குகிறதோ அங்கேயே "இங்கே வலிக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் போன நாள் நல்ல நாளாக இருந்தால், மோசமான நாளில் எப்படி இருக்கும், மாதத்தில் அது எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கள். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் உறுதிப்படுத்திய விதி.

அதற்காக நடிக்கவும் வேண்டாம். காரிலிருந்து இறங்கி நடந்து வருவதையும் பார்த்து எழுதுபவர்கள் உண்டு. ஒரு இடத்தில் மிகை தெரிந்தால் நீங்கள் சொன்ன உண்மையும் எடுபடாது.

படி 8: காத்திருப்பு

இணையதளத்தில் நிலை தெரியும். ஆதாரப் பரிசீலனை வரை போய்த் திரும்பவும் ஆதாரம் திரட்டும் கட்டத்துக்கு வந்தால் பயப்பட வேண்டாம், சகஜம். கடிதம் ஏதாவது கேட்டால் மட்டும் கெடுவுக்குள் பதில் போடுங்கள்.

படி 9: முடிவுக் கடிதம்

ஒவ்வொரு பாதிப்புக்கும் 0 முதல் 100 வரை சதவீதம் போடுவார்கள். கூட்டல் கணக்கு இங்கே செல்லாது. 40, 20, 10 என்று வந்தால் 70 இல்லை. முதலில் 40 எடுத்தால் மீதி 60. அந்த 60இல் 20 சதவீதம் 12, ஆக 52. மீதி 48இல் 10 சதவீதம் ஏறக்குறைய 5, ஆக 57. பக்கத்துப் பத்துக்குத் திருத்தினால் 60. தவறு நடந்துவிட்டது என்று சண்டைக்குப் போகுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2024 டிசம்பரில் அமலுக்கு வந்த விகிதப்படி 10 சதவீதத்துக்கு மாதம் 175.51 டாலர், 100க்கு தனி ஆளுக்கு 3,831.30 டாலர் என்று இருந்தது. இடைவெளி சீராக ஏறுவதில்லை, மேலே போகப் போகத்தான் தாவுகிறது. 30 சதவீதத்திலிருந்து மனைவி, பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை உண்டு. 0 என்று வந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். சேவையால் வந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம், பாதிப்பு மோசமானால் அளவை உயர்த்தக் கேட்டால் போதும்.

மறுப்பு வந்தால், கடிதத்தில் உங்களுக்குச் சாதகமாக எதையெல்லாம் ஒப்புக்கொண்டார்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். வெளிப்படையான பிழை இருந்தால் ஒழிய, பின்னால் வரும் அதிகாரிகளும் அதை மாற்ற முடியாது. படி 2இல் சொன்ன மூன்றில் எது இல்லை என்பது அதிலிருந்தே புரியும், எந்த வழியில் போவது என்பதும்.

டாக்டர் கருத்துதான் இல்லை என்றால், அதை வாங்கிக்கொண்டு படிவம் 20-0995இல் துணை விண்ணப்பம் போடுங்கள், புதிய ஆதாரத்துக்கான வழி இது. ஆதாரம் எல்லாம் கோப்பில் இருந்தும் சரியாகப் படிக்கவில்லை என்றால் 20-0996இல் மூத்த அதிகாரியின் மறுபரிசீலனை. இதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. ஆனால் போனில் பேச ஒரு வாய்ப்புக் கேட்கலாம், படிவத்தில் அதற்கான கட்டத்தில் டிக் போடுங்கள். மூன்றாவது, வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியம், படிவம் 10182. நீதிபதி முன் பேசலாம், ஆனால் நாள் பிடிக்கும். எதில் போனாலும் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போனால்தான் படி 3இல் பிடித்து வைத்த தேதி கையை விட்டுப் போகாது.