பச்சையா, ரோஸா: நிறக்குறைபாட்டோடு புகைப்படம் திருத்தும் முறை

பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாண ஆல்பம் வேலை எடுத்துச் செய்யத் தொடங்கிய முதல் ஆண்டில், நான் அச்சுக்கு அனுப்பிய ஆல்பத்தைப் புரட்டிய மணப்பெண்ணின் அப்பா, "இன்னா தம்பி, பொண்ணு மூஞ்சில பாசி புடிச்சா மாரி கீது?" என்று கேட்டார். என் கண்ணுக்கு அந்த முகம் நல்ல மாநிறமாகத்தான் தெரிந்தது. இன்றும் அப்படித்தான் தெரிகிறது. என்னைப் போல, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குறைபாடு உள்ளவர்கள் இதற்காகத் தொழிலை விட வேண்டியதில்லை. எங்கே கண்ணை நம்பலாம், எங்கே எண்ணை மட்டும் நம்ப வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

அந்த எல்லை, திருத்தும் மென்பொருளில் படத்தின் நிறச்சாயலைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸின் இரண்டு ஸ்லைடர்களுக்கு (நகர்த்திகளுக்கு) நடுவே ஓடுகிறது. டெம்பரேச்சர் ஸ்லைடர் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே நகர்வது. அந்த வேறுபாடு நமக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அதைப் பார்த்தே சரிசெய்யலாம். டின்ட் ஸ்லைடரோ பச்சைக்கும் மெஜந்தா என்னும் அடர்ரோஸுக்கும் இடையே நகர்வது. வெளிர்பச்சை, சாம்பல், வெளிர்ரோஸ் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும் கண்ணை நம்பி அதைத் தொடக்கூடாது.

மானிட்டரின் வண்ண வெப்பநிலையை 6500 கெல்வினில் வைத்து, இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விண்டோஸில் உள்ள திரைநிற அளவுதிருத்தம், சாம்பல் பட்டைகளைப் பார்த்து நிறச்சாயலை நீக்கச் சொல்லும்; நம்மால் முடியாத காரியத்தையே நம்மிடம் கேட்கிறது. திரைமேல் வைத்து அளக்கும் அளவுதிருத்தக் கருவிக்கு நம் கண் தேவையில்லை என்பதால் அதையே வாங்கவோ இரவல் பெறவோ வேண்டும்.

படம் எடுக்கும்போதே, விளக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் கிரே கார்டை (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டையை) வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மென்பொருளில் நிறத்தைத் தொட்டு எடுக்கும் ஐட்ராப்பரால் படத்திலுள்ள கார்டைத் தொட்டவுடன் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். கார்டு இல்லையென்று மாப்பிள்ளையின் வேட்டியைத் தொடுபவர்கள் உண்டு. சொட்டுநீலமும் சலவைத்தூளில் உள்ள வெளுப்புப் பொருளும் ஏறிய வேட்டி நீலம் கலந்தது, அதை வெள்ளையென்று மென்பொருளுக்குச் சொன்னால் படம் முழுவதும் மஞ்சளாகும்.

அடுத்தது முகம். போட்டோஷாப்பில் ஐட்ராப்பரை 5க்கு 5 சராசரிக்கு மாற்றி, ஒளி சீராக விழும் கன்னத்தில் வைத்து, நிற எண்களைக் காட்டும் இன்ஃபோ பலகையைப் பாருங்கள். மஞ்சள் பூசிய இடம், குங்குமத்தின் அருகு, நகையின் பிரதிபலிப்பு விழும் கழுத்து ஆகியவை அளக்கத் தகுந்த இடங்கள் அல்ல. மாநிற முகத்தில் சிவப்பு 160, பச்சை 115, நீலம் 85 என்பது போன்ற இறங்குவரிசை இருக்கும். வெளிச்சத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப எண்கள் மாறினாலும் வரிசை மாறாது. அதே முகத்தில் 150, 138, 90 என்று வந்தால் பச்சை சிவப்பை நெருங்கிவிட்டது, அதாவது பாசி பிடித்துவிட்டது என்று பொருள். பச்சை விலகி இறங்கும் வரை டின்ட்டை மெஜந்தா பக்கம் சிறிதுசிறிதாக நகர்த்துங்கள். லைட்ரூம் மென்பொருளில் இந்த எண்கள் சதவீதமாகத் தெரியும், இறங்குவரிசை ஒன்றுதான்.

புடவையில் எது அரக்கு, எது கரும்பச்சைக் கரை என்று குழம்பினால் போட்டோஷாப்பில் கன்ட்ரோலுடன் 3ஐ அழுத்தி, படத்தின் சிவப்பு அளவை மட்டும் காட்டும் சிவப்பு சேனலை கருப்புவெள்ளையில் பாருங்கள். அரக்கு வெளுத்தும் பச்சை கறுத்தும் தெரியும். 4ஐ அழுத்திப் பச்சை சேனலுக்குப் போனால் இது தலைகீழாகும். மீண்டும் வண்ணப்படத்துக்கு வர 2. எங்கள் பக்கத்து ஜவுளிக்கடைத் தெருவான எம்.சி. ரோட்டில் வாங்கிய எந்த அரக்கு-பச்சைப் புடவையானாலும் இந்தச் சோதனையில் கரை தனியே பிரிந்துவிடும்.

நமக்குச் சிவப்பு மங்கலாகத் தெரிவதால் சாச்சுரேஷனை (நிறச்செறிவை) கூட்டும் ஆசை வரும். நான் பலமுறை அதில் விழுந்திருக்கிறேன். சிவப்புப் பட்டில், நிற அளவுகளின் வரைபடமான ஹிஸ்டோகிராமின் சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டினால், எண் உச்சமான 255ஐத் தொட்டு நெசவின் மடிப்பும் புட்டாவும் அழிந்துபோகும். ஆகவே சுவரில் முட்டுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

மேடையில் ரோஸ் நிற எல்இடி எரிந்த படங்களில் இந்த எண்கள் உதவாது. அவற்றைக் கருப்புவெள்ளையாக்கிவிடுவதே என் வழக்கம். மற்றவற்றை அச்சுக்கு அனுப்புமுன் என் தங்கையிடம் காட்டுகிறேன். இந்தக் குறைபாட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், இரண்டு எக்ஸ் உள்ள பெண்களுக்கு இது அரிதாகவே வரும். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இந்தக் கன்னம் பச்சை பக்கம் சாயுதா, ரோஸ் பக்கம் சாயுதா?" என்று விரலை வைத்துக் கேட்க வேண்டும். அவள் ரோஸ் என்றால் டின்ட்டை இரண்டு மூன்று புள்ளி திருப்பி, அந்த எண்ணை ஆல்பத்தின் பெயருக்கு நேரே நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.