ஒரு கோழிக்காலில் நான்கு திசுக்கள்: வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு நாள் கேட்டாள்: "ரத்தத்தை இணைப்புத் திசுன்னு போட்டிருக்கு. அது எதைம்மா இணைக்குது?" திசு என்றால் ஒரே வேலைக்காகச் சேர்ந்திருக்கும் செல்களின் கூட்டம். எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு என்று நான்கு பெயரும் எனக்கு இன்றும் மனப்பாடம். ஆனால் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சேலம் அம்மாப்பேட்டையில் கறிக்கடைக்குப் போய்விட்டேன். முதல் தடவை சொதப்பல். இரண்டாம் தடவை சரியாக வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாங்க வேண்டியவை

பிராய்லர் கோழியின் முழுக் கால் ஒன்று, தோல் உரிக்காமல், வெட்டாமல், பாதத்தோடு. நாம் வாய் திறப்பதற்குள் தோலை உரித்துவிடுவார்கள். கோழியை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நாட்டுக்கோழி வேண்டாம், வாட்டியதில் தோல் தீய்ந்திருக்கும். இதயமும் அரைவைப்பையும் ஒவ்வொன்று கேட்டு வாங்குங்கள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை சமயத்தில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். "அக்கா, பின்னாடி எத்தன பேர் நிக்கிறாங்க பாருங்க" என்று எனக்கு ஒரு முறை கிடைத்தது.

புது பிளேடு, புருவம் திருத்தும் ட்வீசர், வெள்ளைத் தட்டு போதும். பெருக்கிப் பார்க்க பிளாஸ்டிக் பொம்மை நுண்ணோக்கியை விட ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியே மேல் என்பேன். 140 மடங்கு காட்டும், ஆட்டம் இல்லை. பச்சைக் கறி என்பதால் முடிந்ததும் தட்டையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எபிதீலியம்: கோழியை விடுங்கள், உங்கள் கன்னமே போதும்

இறகு பிடுங்க வெந்நீரில் முக்கும்போதே கோழித்தோலின் மேலடுக்கு பெரும்பாலும் போய்விடுகிறது. அதனால் வாய் கொப்பளித்துவிட்டு, இயர்பட்ஸால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகத் தேய்த்து, கண்ணாடிச் சில்லில் தடவுங்கள். மெத்திலீன் நீலத்துக்கு அலையவேண்டாம். மீன் தொட்டிக் கடையில் பூஞ்சை மருந்தாக விற்கிறார்கள். தண்ணீர் கலந்து ஒரு சொட்டு போதும். ஆஃப்பாயில் போட்ட மாதிரி தட்டையான செல்கள், நடுவில் கருநீலப் புள்ளியாக உட்கரு. இந்தத் திசுவில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். மூடிக் காப்பது, உறிஞ்சுவது, சுரப்பது எல்லாம் இதன் வேலை. ரத்தக் குழாய் உள்ளே வராது; சத்து அடியிலிருந்து ஊறி வரவேண்டும். குடலில் தூண் வடிவம், மூச்சுக்குழாயில் குறு இழையோடு என்று இடத்துக்கு இடம் வடிவம் மாறும்.

இணைப்புத் திசு

தோலை மெல்லத் தூக்குங்கள். தசைக்கும் தோலுக்கும் நடுவே சிலந்தி வலை போல ஒன்று இழுபட்டு அறுகிறதல்லவா, அது இணைப்புத் திசு. மஞ்சள் கொழுப்பும் அதே குடும்பம்தான். மூட்டில் எலும்பின் முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு, அடியில் எலும்பு, தட்டில் சொட்டிய ரத்தம், எல்லாம் பங்காளிகள். செல்கள் தள்ளித் தள்ளி இருக்கும், இடையில் நாரோடு கூடிய பொருள் ஏராளம். அதுதான் குடும்ப ஜாடை. ரத்தத்தில் அந்தப் பொருள் பிளாஸ்மா என்ற திரவம். நார் எங்கே என்கிறீர்களா? கரைந்து கிடக்கிறது, ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் நாராக வெளியே வரும். கருவில் எலும்பு உருவாகும் அதே நடு அடுக்கிலிருந்துதான் ரத்தமும் உருவாகிறது. ஆக, அது கயிறு மாதிரி எதையும் கட்டவில்லை. பிறந்த வீட்டை வைத்து வந்த பெயர்.

தசை

இது சுலபம். காலில் இருப்பது வரித்தசை, நாம் நினைத்தால் அசையும். அரைவைப்பையில் வரியற்ற தசை, நம்மைக் கேட்காமல் வேலை செய்யும். இதயத்தில் இதயத் தசை. அதில் வரி உண்டு, ஆனால் நம் பேச்சைக் கேட்காது.

நரம்பு: நான் கோட்டை விட்ட இடம்

முதல் தடவை பாதத்துக்கு மேலே பளபளவென்று வெள்ளைக் கயிறு ஒன்று கிடைத்தது. "இதோ நரம்பு" என்று மகளிடம் காட்டிவிட்டேன். தப்பு. அது தசைநாண், இணைப்புத் திசு. குற்றம் பாதி நம் பேச்சில் இருக்கிறது. கையில் புடைத்துத் தெரியும் ரத்தக் குழாயும் நமக்கு நரம்பு, அதில் போடுவது நரம்பு ஊசி. கழுத்துப் பிடித்தால் "நரம்பு பிசகிடுச்சு". வீணையில் இருப்பதும் நரம்பு.

இப்படிப் பிரியுங்கள். வெள்ளைக் கயிற்றை ட்வீசரால் இழுங்கள். விரல்கள் மடங்கினால் அது தசைநாண். ஒரு முனை தசையிலும் மறுமுனை எலும்பிலும் இருக்கும், அறுப்பது கஷ்டம், மினுமினுக்கும். நிஜ நரம்பு தொடையில் இருக்கிறது. உட்பக்கத் தசையை விரலால் பிரித்து, தொடை எலும்புக்குப் பின்னால் பாருங்கள். ரத்தக் குழாயை ஒட்டி, மங்கிய வெண்மையில், மெத்தென்று, கீழே போகப் போகக் கிளை பிரியும். வெளிச்சத்தில் சாய்த்தால் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரியும். நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மாரக்ஸ் நோய் வந்த கோழியில் இந்த நரம்பு வீங்கிக் கோடுகள் மறைந்துவிடும்.

தறியில் உட்கார்ந்திருந்த அப்பா, "டிஷ்யூன்னா ஜரிகைச் சேலைதானே கண்ணு?" என்று பேத்தியைக் கேட்டார். தப்பில்லை. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு நெய்தது என்றே பொருள். அதை உடம்புக்குப் பழக்கமாக்கிய பிரெஞ்சு உடற்கூறு அறிஞர் பிஷா நுண்ணோக்கியை நம்பாதவர். வேகவைத்தும் ஊறவைத்தும் பார்த்தே 21 வகை பிரித்தார். 1802இல், முப்பது வயதில் இறந்தார்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் செய்துபார்த்த இருவர் ஒரே சந்தேகம் கேட்டார்கள். முழங்காலுக்குக் கீழே, பெரிய எலும்பை ஒட்டி ஊசி போல இருப்பது தசைநாண் அல்ல, அதுவும் எலும்புதான், ஃபிபுலா. சந்தேகமிருந்தால் வினிகரில் போட்டு வையுங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்து கொலாஜன் என்ற நார்ப் புரதம் மட்டும் மிஞ்சும். எங்களுடையது மூன்றாம் நாள் ரப்பர் போல வளைந்தது. பாட்டிலை மொட்டைமாடியில் வையுங்கள், வாடை தாங்காது.