பள்ளி மழைமானி: கணக்கைக் கெடுக்கும் தவறுகள்

பாட்டில், புனல், அளவு ஜாடி மூன்றும் இருந்தால் மழைமானி தயார். ஆனால் அது தரும் எண்ணை வானிலை ஆய்வு மையத்தின் எண்ணோடு ஒப்பிட முடிய வேண்டும். முடியாமல் செய்வதில் முதலிடம் பரப்பளவுப் பிழைக்கு.

பெய்த நீர் ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுதான் மழை அளவு. புனல் வாயின் விட்டம் 11.3 செ.மீ., பாட்டிலின் உள்விட்டம் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். புனலின் பரப்பு பாட்டிலைப் போல் இரு மடங்கு. பாட்டிலில் ஸ்கேலை வைத்தால் 20 மி.மீ. மழை 40 மி.மீ. என்று காட்டும். ஸ்கேல் வேண்டாம். நீரை ஜாடியில் ஊற்றி மி.லி.யில் அளந்து, 10 ஆல் பெருக்கி, புனல் வாயின் பரப்பால் (சதுர செ.மீ.) வகுங்கள். 11.3 செ.மீ. வாய்க்குப் பரப்பு 100. ஆகவே 10 மி.லி. நீர் 1 மி.மீ. மழை. விட்டத்தை விளிம்பின் உட்பக்கம் அளக்க வேண்டும். அரை செ.மீ. கூட்டி அளந்தால் பரப்பில் 9 சதவீதம் பிசகும்.

மொட்டை மாடி வசதியாகத் தோன்றும், ஆனால் அங்கே காற்று துளிகளைப் புனலுக்கு மேலாகவே அடித்துச் சென்றுவிடும், அளவு குறையும். புயல் நாளில் இந்தக் குறை இன்னும் பெரிது. திறந்த தரையில், விளிம்பு 30 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். அதற்கும் தாழ்ந்தால் தரையில் பட்ட துளி உள்ளே தெறிக்கும். மரமோ கட்டடமோ 10 மீட்டர் உயரமென்றால் குறைந்தது 20 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

நேரத்தில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. இந்தியாவில் மழைக் கணக்குக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. அளவு, அளக்கும் நாளின் தேதியில் பதிவாகும். செவ்வாய் மாலை கொட்டிய மழை புதன்கிழமைக் கணக்கு. பள்ளி விட்டபின் மாலையில் அளந்தால் எந்த நிலையத்தோடும் பொருந்தாது. ஞாயிறு அளக்கவில்லையா? திங்களன்று கிடைப்பதை இரண்டாக வகுத்து எழுதாதீர்கள். 'இரண்டு நாள் மொத்தம்' என்றே குறியுங்கள். மழை இல்லாத நாளுக்கு 0, அளக்காத நாளுக்குக் கோடு. இரண்டையும் குழப்பினால் மாதக் கணக்கே பொய்யாகிவிடும்.

செய்தியில் 7 செ.மீ. என்றால் உங்கள் நோட்டில் 70 மி.மீ. வானிலைத் துறை 64.5 மி.மீ. முதல் 'கனமழை' என்கிறது.

மேலே சொன்ன புனலுக்கு 1 லிட்டர் பாட்டில் 100 மி.மீ. மழையிலேயே நிரம்பி வழியும். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது, அதைப் பிடிக்க ஏறத்தாழ 5 லிட்டர் கொள்ளளவு வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பாட்டிலுக்குப் பதில் பெரிய கேனைப் பொருத்துங்கள். இடி இடிக்கும்போது நடுவில் காலி செய்யப் போக வேண்டாம். அளந்த நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.