லாச்சி, கந்தோர், கதிரை: கொழும்புச் சொல்லின் மூலம் தேடும் முறை

சொல்லின் மூலம் தேடுவோம் என்றதும் பலர் முதலில் செய்வது சொல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான். நாற்காலிக்கு நாம் சொல்லும் 'கதிரை'யைக் 'கதி', 'இரை' என்று வெட்டி அதற்கு ஒரு விளக்கமும் சொல்லிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். போர்த்துக்கேய மொழியில் கதிரைக்குப் பெயர் 'கதெய்ரா' என்று தெரியவந்தால் அந்த விளக்கம் அத்தோடு சரி. சொல்லுக்கு உள்ளே பார்க்குமுன் வெளியே பார்க்கவேண்டும். யார் சொல்கிறார்கள், எந்த ஊரில், எப்போதிருந்து, பக்கத்து மொழிகளில் அதே பொருளுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் முதலில் தெரியவேண்டும். கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த வேலை லேசு. யாழ்ப்பாணத் தமிழ், மலையகத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், சிங்களம், மலாய் எல்லாம் பஸ் ஏறிப் போய்க் கேட்கக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன.

சொல்லைப் பிடித்து வைத்தல்

ஒரு சொல்லுக்கு ஒரு தாள் போதும். முதலில் சொல்லைக் கேட்டபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். 'யன்னல்' என்று கேட்டால் 'யன்னல்', 'றோதை' என்று கேட்டால் 'றோதை'. அதன்கீழ், அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியம்: "திறப்பு மேசை லாச்சிக்குள்ள கிடக்கு" (சாவி மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது). தனிச் சொல்லாகக் கேட்டால் ஆட்கள் யோசித்து நல்ல தமிழ் சொல்வார்கள், வாக்கியத்துக்குள் வரும்போதுதான் உண்மையான வழக்கு வெளிப்படும். பிறகு சொன்னவரின் வயது, சொந்த ஊர், வீட்டில் பேசும் தமிழ். பெயர் தேவையில்லை. வட்ஸ்அப்பில் யாரிடமாவது கேட்பதாக இருந்தால் குரல் பதிவாகவே அனுப்பச் சொல்லுங்கள். தட்டச்சில் வரும்போது ர-வும் ற-வும் கலந்துவிடும்.

தாளின் மூலையில் இன்னும் இரண்டு குறிப்புகள் வேண்டும். ஒன்று, தமிழ்நாட்டில் இதற்கு என்ன சொல்கிறார்கள். மற்றது, சிங்களத்தில் என்ன. இந்த இரண்டும்தான் பின்னால் அதிகம் உதவும்.

ஒலியை வைத்துச் சலித்தெடுத்தல்

ட, ர, ல, ற போன்ற எழுத்துகள் பழந்தமிழில் சொல்லின் முதலில் வரா. எனவே லாச்சி, றோதை (சக்கரம்), லேஞ்சி (கைக்குட்டை) என்று தொடங்கும் சொற்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. சலித்தெடுத்தல் அவ்வளவுதான். மேசை, கதிரை, பாண் (ரொட்டி), வாங்கு (நீள இருக்கை) எல்லாம் அச்சு அசல் தமிழ்ச்சொல் போலவே ஒலித்துக்கொண்டு இந்தச் சல்லடையில் நழுவிப் போய்விடும். மறுபக்கம், சகரம் அகரத்தோடு சொல்லின் முதலில் வராது என்கிறது தொல்காப்பியம். அதை அப்படியே பிடித்துக்கொண்டால் சட்டியையும் அந்நியச் சொல்லாக்கவேண்டி வரும். ஒலி சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது.

அகராதிகளை வயதுப்படி திறத்தல்

புதிய அகராதியிலிருந்து பழையதை நோக்கிப் போங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) சொல்லின் மூல மொழியைக் குறிப்பிடும், யாழ்ப்பாண வழக்கைத் தனி அடையாளத்தோடு காட்டும். ஆனால் வடமொழி மூலம் சொல்வதில் அது கொஞ்சம் தாராளம். அந்த இடங்களில் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் (இரண்டாம் பதிப்பு 1984) பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு என்று இனமொழிகளில் உள்ள ஒரே மூலச் சொற்கள் அதில் வரிசையாகக் கிடைக்கும். ஒரு சொல் அதில் இல்லை என்பதற்காக அது கடன்சொல் ஆகிவிடாது, இனமொழிகளில் துணை கிடைக்காத தமிழ்ச்சொல்லாகவும் இருக்கலாம்.

அடுத்து வின்சுலோவின் அகராதி (1862), அதற்குமுன் 1842இல் மானிப்பாயில் அச்சான யாழ்ப்பாண அகராதி, அதற்கும் முன் பப்ரிசியசு (1779). மிகப் பழையது புரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி. 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சாகி, வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த பிரதியிலிருந்து தனிநாயகம் அடிகள் 1966இல் மறுபதிப்புச் செய்தது. லெக்சிகன், வின்சுலோ, பப்ரிசியசு, திராவிட அகராதி நான்கும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எண்ணிம அகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஈழத்துப் பழைய நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. தாளில் புரட்ட விரும்புவோருக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். சிங்களப் பக்கத்துக்கு குளோவின் அகராதியும் (1830) காட்டரின் அகராதியும் (1924) போதும்.

"அகராதியில் இல்லை" என்று சொல்லுமுன் எல்லா எழுத்து வடிவங்களையும் தேடிப் பார்த்தீர்களா? ஜன்னல், சன்னல், யன்னல் மூன்றும் மூன்று இடத்தில் கிடக்கும். கொம்பனி, கம்பனி. றோதை, ரோதை. பாதித் தேடல்கள் தோற்பது இங்கேதான்.

எந்த வாசலால் வந்தது?

போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள், 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் (டச்சுக்காரரிடம்) இழந்தார்கள். ஒல்லாந்தர் 1796இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். பருமட்டாகச் சொன்னால், வீட்டுச் சாமான், உடுப்பு, தின்பண்டம், கிறிஸ்தவக் கோயில் சார்ந்த சொற்கள் போர்த்துக்கேயம்: மேசை, அலமாரி, சப்பாத்து, துவாய், பாண், பாதிரி. கந்தோர் (அலுவலகம்), நொத்தாரிசு போன்ற அலுவலக, சட்டத்துறைச் சொற்கள் ஒல்லாந்தம். இந்தக் கணக்கை எங்கே நம்பக்கூடாது என்பதற்கு லாச்சியே சாட்சி.

லாச்சி வீட்டுச் சாமான். அப்படியானால் போர்த்துக்கேயமா? அந்த மொழியில் மேசை இழுப்பறைக்குக் 'கவேத்தா' என்று பெயர், ஒட்டவில்லை. தமிழ்நாட்டில் இழுப்பறை, டிராயர் என்பார்கள், லாச்சி அங்கே புழங்குவதில்லை. ஆகவே சொல் இந்தத் தீவில் ஏறியது. சிங்களத்தில் 'லாச்சுவ'. இந்தோனேசிய மொழியிலும் மலாயிலும் 'லாச்சி'யேதான். கொழும்பும் பத்தாவியாவும் (இன்றைய ஜகார்த்தா) பொதுவாகப் பார்த்த எசமான் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி. அந்த மொழியைத் திறந்தால் 'லாத' என்பது இழுப்பறை, அதன் சிறுமை வடிவம் 'லாத்ய', அதாவது சின்ன இழுப்பறை. அந்த 'த்ய' ஒலி தமிழ்க் காதில் 'ச்சி' ஆவது இயல்பு. ஒலி, பொருள், இடம், காலம் நான்கும் பொருந்திவிட்டன. இதற்குத் தாளில் உறுதி அளவாக 'உறுதி' என்று எழுதலாம்.

சிங்களம் வழியாக வந்ததா, நேரே வந்ததா என்பது அடுத்த கேள்வி. சிங்களம் கடன்சொல்லுக்கு ஒரு வால் வைக்கும்: மேசய, கந்தோருவ. தமிழ் வடிவத்தில் அந்த வால் இல்லை, ஆகவே நேரே வந்தது என்று பலர் முடித்துவிடுவார்கள். பன்மையில் சிங்களத்திலும் அந்த வால் கழன்று மேச, கந்தோரு என்றுதான் நிற்கும் என்பதை மறந்துவிடுவார்கள். லாச்சியில் ஈற்று உயிர் வேறு என்பதால் நேரே எடுத்திருக்க வாய்ப்புக் கூட. 'பெரும்பாலும்' என்று எழுதுங்கள், அதற்குமேல் போகவேண்டாம்.

மூல மொழியின் இன்றைய உச்சரிப்பை அளவுகோலாக்குவதும் பிழை. தமிழ்நாட்டார் சொல்லும் சாவி போர்த்துக்கேயத்திலிருந்து வந்தது, நாம் திறப்பு என்கிறோம். இன்றைய லிஸ்பனில் அந்தச் சொல் 'ஷாவ்' என்று ஒலிக்கும். 16ஆம் நூற்றாண்டில் முதல் ஒலி அழுத்தமான 'ச்'. இந்தியில் 'ச்சாபி' என்று இன்றும் அந்த அழுத்தம் நிற்கிறது.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

கொழும்பு என்ற பெயரையே எடுங்கள். இந்தத் தீவில் சிறையிருந்த ரொபட் நொக்ஸ் 1681இல் எழுதியபடி, காய்க்காமல் இலை மட்டும் விட்ட மாமரத்தால் 'கொல' (இலை), 'அம்ப' (மா) சேர்ந்து பெயர் வந்தது, கொலம்பசின் நினைவாகக் கிறிஸ்தவர்கள் அதைக் கொலம்போ ஆக்கினார்கள். ஆனால் 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா 'கலன்பு' என்று எழுதிவிட்டார், கொலம்பசு பிறக்க நூறு வருடத்துக்கு முன்பே. கொலம்பசை ஆண்டு ஒன்றே அடித்துவிட்டது. மா இலைக் கதையை ஆண்டு அடிக்கவில்லை, அதற்காக அது நிரூபணமாகிவிடவும் இல்லை. இப்படியானவற்றுக்குத் தாளில் 'தெரியாது' என்று எழுதக் கூச்சப்படக்கூடாது.

ஆட்சி முடிந்த ஆண்டோடு மொழி கப்பலேறிப் போகாது. ஒல்லாந்தர் காலத்திலும் கொழும்பில் போர்த்துக்கேயக் கிரியோல் (கலப்பு மொழி) தாராளமாகப் பேசப்பட்டது. ஆகவே ஒரு போர்த்துக்கேயச் சொல் 1656க்குப் பிறகும் தமிழுக்குள் வந்திருக்கலாம்.

எங்கே நிறுத்துவது என்பதில் இன்னொரு குழப்பம் உண்டு. கந்தோர் ஒல்லாந்தக் 'கந்தோர்'இலிருந்து வந்தது. அது பிரெஞ்சு 'கொந்த்வார்'இலிருந்து வந்தது. அதற்காகக் கந்தோரைப் பிரெஞ்சுச் சொல் என்று எழுதினால் பிழை. தமிழுக்குக் கொடுத்தவர் யார் என்பது ஒரு வரி, அதற்கு முந்திய வரலாறு வேறொரு வரி.

சொல் போகும் திசையையும் பாருங்கள். ஆங்கிலத்தில் கொழும்புப் புறக்கோட்டைக்கு இருக்கும் 'பெட்டா' என்ற பெயர் நம் 'பேட்டை'தான். அது வெளியே போய்ப் பெயராகி நிற்கிறது, நாமோ கோட்டைக்குப் புறம்பானது என்று வேறு சொல் சொல்கிறோம்.

கூடிப் பேசும்போது

நாலைந்து பேர் சேர்ந்து சொல் தேடுவதாக இருந்தால் சூமில் கூடலாம். இலவசக் கணக்கென்றால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், அது உண்மையில் நல்லதுக்கே. ஒரு அமர்வுக்கு ஒரு சொல் போதும், மிஞ்சினால் இரண்டு. சொல்லை மூன்று நாளைக்கு முன்பே அறிவியுங்கள். ஒருவர் அகராதிகளைப் பார்த்து வரட்டும், இன்னொருவர் சிங்களத்தையும் மலாயையும் விசாரித்து வரட்டும். மூன்றாமவரின் வேலை மறுப்பது மட்டுமே. "பழைய சான்று எந்த ஆண்டு? பக்கத்து மொழியில் என்ன?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இந்த ஆள் இல்லாவிட்டால் அரைமணிக்குள் உலகத்துச் சொல்லெல்லாம் தமிழிலிருந்து போனதாகிவிடும். கைமாறிக் கைமாறி வந்த வட்ஸ்அப் செய்தி சான்றாகாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் மனத்தாங்கல்.

முடிவைச் சொல், பொருள், வழங்கும் இடம், கிடைத்த மிகப் பழைய சான்று, கொடுத்த மொழி, உறுதி அளவு என்று ஆறு வரியில் எழுதி வையுங்கள். சான்று வரி வெறுமையாக இருந்தால் உறுதி வரியில் 'உறுதி' வரக்கூடாது. முதல் அமர்வுக்கு வாங்கு அல்லது துவாயை எடுங்கள், விடை லேசாக வரும். துவாய் எடுத்தால் தமிழ்நாட்டுத் துவாலையையும் சேர்த்து வையுங்கள், ஒரே போர்த்துக்கேய ஒலி ஒரு கரையில் ய் ஆகவும் மறுகரையில் ல் ஆகவும் விழுந்திருப்பது தெரியும். சாக்கை மட்டும் பிந்தி வையுங்கள். போர்த்துக்கேயத்தில் 'சாக்கு', ஒல்லாந்தத்தில் 'சக்', இரண்டுமே பொருந்தி நிற்கும், புதியவர்கள் கட்சி பிரிந்து சண்டை பிடிப்பார்கள்.